தள்ளுவண்டிகளின் சரித்திரம்



சரித்திரம் கற்க வேண்டுமாயின் கோட்டைகளையும் கோயில்களையும் கல்வெட்டுகளையும் நாடிச் செல்ல வேண்டும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். அவற்றின் அருமையை நான் குறைத்துக் கூறவில்லை. பல ஆண்டுகள் வகுப்பறையில் அவற்றையே கற்பித்து வந்தவன் நான். ஆயினும் கல்லிலே தம் பெயரைப் பொறித்து வைக்க வசதியில்லாத மக்கள் கோடிக்கணக்கில் வாழ்ந்து மறைந்திருக்கிறார்களே, அவர்களுடைய சரித்திரத்தை எங்கே தேடுவது? அதற்குரிய இடங்களுள் ஒன்றை இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். அது தொலைவில் இல்லை. மாலை மயங்கும் வேளையில் பேருந்து நிலையத்தின் அருகிலும் கடைவீதியின் முனையிலும் வந்து நிற்கிறதே, அந்தத் தள்ளுவண்டிக் கடைதான் அது.

நான்கு சக்கரங்கள், ஓர் அடுப்பு, ஒரு பெரிய இரும்புக்கல், ஒரு குடம் தண்ணீர், சில தட்டுகள். இவற்றுக்கு மேல் அங்கே மூலதனம் என்று ஒன்றும் இல்லை. உட்கார இடம் இல்லை. தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே உண்ண வேண்டும். ஆகையால் சென்னை நகரத்து மக்கள் இத்தகைய கடைக்குக் ‘கையேந்தி பவன்’ என்று பெயர் சூட்டினர். பெயரில் கேலி இருக்கிறது. ஆனால் அந்த வண்டியின் மேல் உள்ள பண்டம் எந்த ஊரிலிருந்து, யாருடைய கையோடு, எந்த இடர்ப்பாட்டின் காரணமாக இங்கே வந்து சேர்ந்தது என்று விசாரித்தால் கேலிக்கு இடம் இராது.

உணவை விலைக்கு விற்பது தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. புகார் நகரத்தில் பிட்டு விற்கும் காழியரும் அப்பம் விற்கும் கூவியரும் இருந்தனர் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. மதுரைக்காஞ்சியிலோ, நள்ளிரவில் வாணிகம் ஓய்ந்த பின் கூவியர் உறங்கும் காட்சி வருகிறது. பிற்காலத்தில் வழிப்போக்கர்கள் பெரும்பாலும் சத்திரங்களையும் உறவினர் வீடுகளையும் நம்பினர். பசித்து வந்தவனுக்குச் சோற்றை விற்பது தகாது என்னும் எண்ணம் நாட்டுப்புறங்களில் வலுவாக இருந்தது. அந்த எண்ணத்தைப் பெரிதும் மாற்றியது இரயில் வண்டி. 1862-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ஈரோடு, போத்தனூர் வழியாக மேலைக் கடற்கரை வரையில் இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. நம் சோமனூர் வழியாக இன்று ஓடும் வண்டிகளும் அந்தப் பாதையில் செல்பவையே. அயலூரில் இறங்கும் மனிதன், உறவினரும் இல்லாமல் சத்திரமும் இல்லாமல் உண்டாக வேண்டிய நிலை நாளுக்கு நாள் பெருகிற்று. காப்பிக் கிளப்புகளும் சாப்பாட்டு விடுதிகளும் தோன்றின.

அந்தக் கிளப்புகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே செல்லக் கூடாது. அவை எல்லாருக்கும் பொதுவான இடங்களாகத் தொடங்கவில்லை. பிராமணர்க்கு ஓர் அறை, மற்றையோர்க்கு ஓர் அறை. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டோர்க்கு வாயிலுக்கு வெளியே நிற்கும் உரிமைகூட அரிது. இரயில் நிலைய உணவு விடுதிகளில் இருந்த இப்பிரிவினை, நெடுங்காலக் கிளர்ச்சிக்குப் பின்பே 1941-இல் நீங்கியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆவது விதி, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று ஆணையிட்டது. அப்படியிருந்தும் 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு விடுதியின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கும்படி பெரியார் ஈ.வெ.ரா. பல மாதங்கள் மறியல் நடத்த வேண்டியிருந்தது. நம் கொங்கு நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வழக்கம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருந்தது என்பதை நாம் வெட்கத்தோடு நினைவிற்கொள்ள வேண்டும்.

தள்ளுவண்டியில் அறையும் இல்லை, பலகையும் இல்லை. அருகில் நின்று உண்பவன் யார் என்று கேட்பதற்கு அங்கே அவகாசமும் இல்லை. வண்டிக் கடை சாதியை ஒழித்துவிட்டது என்று நான் கூற மாட்டேன். அவ்வளவு எளிதில் ஒழிவதாயிருந்தால் அது என்றோ ஒழிந்திருக்கும். ஆனால் முதல் இல்லாதவன் தொழில் தொடங்கவும், முன்பின் அறியாதவர் தோளோடு தோள் நின்று உண்ணவும் அது இடம் தந்தது என்பது உண்மை.

இனிப் பண்டத்துக்கு வருவோம். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பகுதிகளில் மாலை வேளையில் வண்டிகளில் விற்கும் ‘காளான்’ உங்கள் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது என்றும் வைத்துக்கொள்ளலாம். பெயர் காளானே தவிர, பல வண்டிகளில் அதன் உள்ளே பெரும்பகுதி முட்டைக்கோசு. சன்னமாக நறுக்கிய கோசை மாவோடு பிசைந்து எண்ணெயில் பொரித்து, அந்த உருண்டைகளைக் கல்லின் மேல் குழம்பில் இட்டுத் தட்டி உதிர்த்து, வெங்காயமும் கொத்துமல்லியும் தூவிக் கொடுக்கின்றனர். ஆகுபெயருக்கு உதாரணம் கேட்டால் இதைச் சொல்லிவிடாதீர்கள். இலக்கணத்தில் இதற்கு இடம் இல்லை.

இந்தப் பண்டத்தின் செய்முறையைக் கவனித்தால் அதன் உறவினர் யார் என்பது விளங்கும். மாவில் தோய்த்துப் பொரித்தல், பின்பு வெங்காயமும் பூண்டும் மிளகாயும் சேர்ந்த கெட்டியான குழம்பில் புரட்டுதல் என்னும் இம்முறை, ‘மஞ்சூரியன்’ என்று உணவு விடுதிகளில் வழங்கும் பண்டத்தின் முறை. மஞ்சூரியா சீனத்தின் வடகிழக்கில் உள்ள நிலப்பகுதி. ஆனால் அந்த நாட்டு மக்கள் இப்பண்டத்தை அறியார்! கல்கத்தாவில் சீனப் பெற்றோர்க்குப் பிறந்த நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர், பம்பாயில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் சமையற்கூடத்தில் 1975-இல் கோழி இறைச்சியைக் கொண்டு இதை முதலில் சமைத்தார் என்று கூறுவர். இந்திய நாவுக்கு உகந்த பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு ஆகியவற்றைத் தாளித்து, மசாலைப் பொடிக்குப் பதிலாகச் சோயாச் சாற்றை ஊற்றினாராம். கோழி இருந்த இடத்தில் பின்பு பூக்கோசு வந்தது. கொங்கு நாட்டு வண்டியில் முட்டைக்கோசு வந்து, காளான் என்று பெயரும் பெற்றது.

கல்கத்தாவில் சீனர் எப்படி வந்தனர்? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அவர்கள் அங்குக் குடியேறினர். தோல் பதனிடுதல், தச்சுவேலை, பல் வைத்தியம், சலவை ஆகியவை அவர்களுடைய தொழில்கள். தங்ரா என்னும் பகுதியில் தோல் பதனிடும் கூடங்களின் நடுவே அவர்கள் வாழ்ந்தனர். 1962 அக்டோபரில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. எல்லையில் நடந்த போருக்கும் கல்கத்தாவில் செருப்புத் தைப்பவருக்கும் என்ன சம்பந்தம்? ஆயினும் அவ்வாண்டு நவம்பர் முதலாக, கிழக்கு இந்தியாவில் வாழ்ந்த சீன வமிசத்தவர் ஏறத்தாழ 3,000 பேரைக் குடும்பத்தோடு இரயிலேற்றி, இராஜஸ்தானத்தில் தேவ்லி என்னும் இடத்திலுள்ள முகாமில் அடைத்தனர். அவர்களுள் பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தனர். திரும்பி வந்தவர்கள் வீடும் கடையும் கைமாறியிருக்கக் கண்டனர். பலர் கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். நம் பாடநூல்களில் 1962-ஆம் ஆண்டுப் போருக்கு ஒரு பத்தி உண்டு. தேவ்லிக்கு ஒரு வரியும் பெரும்பாலும் இல்லை.

அதே 1962-இல், வங்கக் கடலின் மறுகரையில் வேறொரு மாறுதல் நிகழ்ந்தது. அதில் துன்புற்றவர்கள் நம்மவர்கள். அதன் சுவடு சென்னைக் கடற்கரையில் வண்டி வண்டியாக நிற்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1885-இல் ஆங்கிலேயர் மூன்றாம் பர்மியப் போரில் மாந்தளையைக் கைப்பற்றி, மறு ஆண்டிலேயே பர்மா முழுவதையும் தம் இந்திய ஆட்சியோடு சேர்த்துக்கொண்டனர். 1937 ஏப்ரல் முதல் நாளில் பர்மாவைப் பிரிக்கும் வரையில், இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் இரங்கூனுக்குச் செல்வது ஒரே நாட்டுக்குள் செல்வதாகவே இருந்தது. கப்பலில் மூட்டை தூக்கவும் அரிசி ஆலைகளில் உழைக்கவும் நெல் அறுக்கவும் ஏழைகள் சென்றனர். கடன் கொடுத்து வாங்க நாட்டுக்கோட்டை நகரத்தார் சென்றனர். 1931-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் பர்மாவில் இருந்த இந்தியர் தொகை 10 இலட்சத்துக்கு மேல். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டவர் இந்தியர். இந்தியர் என்றால் தமிழர் மட்டும் அல்லர். தெலுங்கரும் வங்காளிகளும் ஒரியரும் ஏராளம்.

இங்கே ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுவது சரித்திர மாணவனுக்கு அழகன்று. 1929-க்குப் பின் உலகெங்கும் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்பித் தர முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போயிற்று. கீழைப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களுக்கு உரிமையான நிலம், 1930-இல் 100-க்கு 6 பங்காக இருந்தது, 1938-க்குள் 100-க்கு 25 பங்காயிற்று. தன் வயலிலேயே குத்தகைக்காரனாக நின்ற பர்மிய உழவனின் நெஞ்சில் எழுந்த கசப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தக் கசப்பின் விலையைப் பெரிதும் கொடுத்தவர்கள் வட்டி வாங்கியவர்கள் அல்லர், மூட்டை தூக்கியவர்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூன்மேல் குண்டு வீசினர். பல இலட்சம் இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகளின் வழியாகவும் கால்நடையாகவே தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர். போர் முடிந்தபின் சிலர் திரும்பச் சென்றனர். 1948 ஜனவரி 4-இல் பர்மா சுதந்தரம் அடைந்தது. 1962 மார்ச்சு 2-இல் தளபதி நே வின் இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பற்றினார். 1963-இல் வங்கிகளும் 1964-இல் கடைகளும் நாட்டுடைமையாயின. பெரிய கடை மட்டும் அன்று, சிறு மளிகைக் கடையும் தப்பவில்லை. அதே 1964-இல் 50 சாட், 100 சாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவித்தனர். கடையும் போய், சேமிப்பும் போயிற்று.

அதன்பின் கப்பல்கள் வந்தன. சிறு தொகையும் சிறிதளவு நகையும் தவிர வேறொன்றும் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மிகுந்தோர் வந்து இறங்கினர். அவர்களுள் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். பர்மிய மொழியில் விளையாடி வளர்ந்தவர்கள். சென்னையை முதன்முதலாகக் காண்பவர்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசாங்கக் காகிதங்கள் அவர்களைக் குறித்தன. ஒருநாளும் வந்திராத இடத்துக்கு ‘திரும்புதல்’ எவ்வாறு இயலும் என்று அந்தக் காகிதம் எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். சிலருக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. தரை வழியாகப் பர்மாவுக்கே சென்றுவிடலாம் என்று வடகிழக்கு நோக்கிப் புறப்பட்டு, மணிப்பூர் எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்டனர். அங்கே ஒரு தமிழ்க் குடியிருப்பும் அங்காள பரமேசுவரி கோயிலும் உண்டு.

சென்னையில் தங்கியவர்களுக்கு வியாசர்பாடி முதலிய இடங்களில் குடியிருப்புகள் அமைந்தன. கடற்கரை இரயில் நிலையத்தின் எதிரே, இன்று இராஜாஜி சாலை எனப்படும் பெருவழியின் ஓரத்தில், 1969-இல் அவர்களுக்காகச் சிறு கடைகள் ஏற்பட்டன. அதுதான் பர்மா பஜார். கடை கிடைத்தவர் வெளிநாட்டுப் பொருள்களை விற்றனர். அவ்வட்டாரத்துத் தெருக்களில் வண்டி நிறுத்தி, தாம் உண்டு வளர்ந்த உணவை விற்றவர்களும் உண்டு. நகை, நோட்டு, நிலம் எல்லாவற்றையும் துறைமுகத்தில் பறிகொடுத்தவரிடமிருந்து பறிக்க இயலாத சொத்து ஒன்று இருந்தது, அது கைப்பக்குவம்.

அந்த உணவின் பெயர் அத்தோ. பர்மிய மொழியில் கையால் பிசைந்து கலந்த உணவை ‘அதோ’ என்பதைப் போல் ஒலிக்கும் சொல்லால் குறிப்பர். அதுவே தமிழ் நாவில் அத்தோ ஆயிற்று. வேகவைத்த கோதுமைச் சேவையில் சீவிய முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, புளிக்கரைசல், மிளகாய்த் தூள், கடலை மாவு, எண்ணெய் ஆகியவற்றை இட்டு, கையாலேயே பிசைந்து தருவார்கள். அதன்மேல் ‘பேஜோ’ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போடுவார்கள். ‘பே’ என்றால் பர்மிய மொழியில் பயறு. ‘ஜோ’ என்பது பொரித்தது. தொட்டுக்கொள்ள அவித்த முட்டையைப் பிளந்து, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் புளியும் வைத்துத் தருவதும் உண்டு.

இவற்றைவிட என் கவனத்தை ஈர்ப்பது, கூடவே தரும் வாழைத்தண்டுச் சாறு. பர்மியர் காலையில் விரும்பி உண்ணும் மொகிங்கா என்பது, ஆற்று மீனை வேகவைத்து, வாழைத்தண்டும் எலுமிச்சைப் புல்லும் சேர்த்து, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பில் அரிசிச் சேவையை இட்ட உணவு. சென்னைக்கு வந்த மொகிங்கா பல வண்டிகளில் மீனை விட்டுவிட்டது. மரக்கறி உண்போரும் வரவேண்டுமே! மீன் போயிற்று, வாழைத்தண்டு நின்றது. பெயரும் ‘மொய்ங்கா’ என்று சுருங்கியது. ஓர் உணவு ஊர் மாறும்போது எதை விடுகிறது, எதை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதைக் கவனிப்பது, ஒரு மொழி கடன் வாங்கிய சொல்லை எவ்வாறு திரித்துக்கொள்கிறது என்பதைக் கவனிப்பதற்கு ஒப்பானது. இங்கே செல்வாக்கு ஒருவழிப் போக்காகவும் இல்லை. கடலை மாவும் பயற்று வடையும் இந்தியரோடு பர்மாவுக்குச் சென்று, பர்மிய உணவில் கலந்து, பர்மியப் பெயரோடு திரும்பி வந்திருக்கக் கூடியவை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் பெஷாவரிலிருந்து டில்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சில் தொடங்கிய மோதி மஹால் விடுதிதான், மண் அடுப்பில் சுட்ட கோழியை டில்லி மக்களிடையே பரப்பியது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்கள் லாரிகளில் தம் நாட்டு உணவை விற்று வந்தனர். 2008-இல் சியோலில் பிறந்த ராய் சோய் என்பவர், கொரிய முறையில் சமைத்த இறைச்சியை மெக்சிக்கோ ரொட்டியில் சுருட்டி ‘கோகி’ என்னும் லாரியில் விற்றார். அந்நகரத்து மக்கள் நள்ளிரவில் வரிசையில் நின்றனர். இரண்டு புலம்பெயர்ந்த கூட்டங்கள் ஒரு தட்டில் சந்தித்தன என்று கொள்ளலாம்.

நம் சோமனூரில் இப்போது என்ன நடக்கிறது? இங்கே விசைத்தறி ஓசை ஓயாது. முன்பு தறிக்குச் சுற்றுவட்டாரக் கிராமத்தவர் வந்தனர். இப்போது கோவை, திருப்பூர் வட்டாரமெங்கும் ஆலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் தறிக்கூடங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, மேற்கு வங்காளத்து இளைஞர்கள் உழைக்கின்றனர். அவர்களைத் தொடர்ந்து பானிபூரி வண்டிகள் வந்தன. திபெத்தியரும் நேபாளியரும் உண்ணும் மோமோவும் வந்துவிட்டது. ‘நம் ஊர்ச் சாப்பாடு கெட்டுப்போயிற்று’ என்று சிலர் குறைப்படுகின்றனர். அவர்களுக்கு ஒரு சிறு கேள்வி: மிளகாய் எந்த நாட்டுப் பயிர்? அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்து ஐந்நூறு ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதற்கு முன் நம் குழம்பில் காரம் தந்தது மிளகு. தக்காளியும் உருளைக்கிழங்கும் மிளகாயின் ஊரார்களே.

சுத்தத்தைப் பற்றிய குறையை அவ்வாறு தள்ளிவிட இயலாது. மூடாத பண்டமும், ஒரே வாளித் தண்ணீரில் அலம்பிய தட்டும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும் உடலுக்குக் கேடு. அவற்றைக் கண்டால் விலகுங்கள். ஆனால் வண்டிக்காரர் தண்ணீர்க் குழாய்க்கு எங்கே போவார், குப்பையை எங்கே கொட்டுவார் என்பதையும் கேட்க வேண்டும். இடமும் நீரும் கொடுக்காமல் சுத்தத்தை மட்டும் கேட்பது, சிலேட்டு கொடுக்காமல் கணக்குப் போடச் சொல்வதாகும்.

நெடுங்காலம் தெருவில் விற்பவருக்கும் அதிகாரிகளுக்கும் இடையே இருந்தது விரட்டும் உறவே. 1989-இல் சோதன் சிங் என்பாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், தெருவோரத்தில் வாணிகம் செய்வது, தக்க கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசியலமைப்பு அளித்த தொழில் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2014-இல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினருள் 100-க்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் முன்னர் ஒருவரையும் அகற்றலாகாது. சட்டம் நன்று. அது காகிதத்திலிருந்து சாலைக்கு இறங்கிய அளவு ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. உங்கள் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ அந்தக் குழு இருக்கிறதா என்று கேட்டறிவது குடிமைப் பாடத்துக்கு நல்ல பயிற்சி.

உங்களில் சிலர் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னை செல்வீர்கள். ஒரு மாலை கடற்கரை நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து, பஜாருக்குப் பின்னே உள்ள தெருவுக்குச் செல்லுங்கள். வண்டிக்காரர் வயதானவராக இருந்தால், ‘ஐயா, உங்கள் குடும்பம் எந்த ஆண்டுக் கப்பலில் வந்தது?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். சிலர் பதில் சொல்ல மாட்டார்கள், வற்புறுத்தாதீர்கள். சொல்பவர்கள் உண்டு. அவர் சொல்லும் ஆண்டையும், இரங்கூனில் அவர் வீட்டார் இருந்த தெருவின் பெயரையும், அவர் தாயார் மொகிங்காவில் என்ன மீன் போட்டார் என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அந்தத் தலைமுறையினர் இன்னும் நெடுநாள் வண்டியருகே நிற்க மாட்டார்கள்.